கட்டைவிரல் வழி மாறிய பிப்ரவரி ஒன்பது

1

நானும் என் மனைவி சரோஜாவும் புதுச்சேரியை விட்டு இங்கே வந்து இறங்கியது ஒரு பிப்ரவரி ஒன்பதாம் தேதி, காலை ஆறு ஐம்பதுக்கு. விமானம் நாற்பது நிமிடம் தாமதம். பனி கொட்டும் என்று யாரோ பயமுறுத்தியிருந்ததால் சரோஜா இரண்டு புடவைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்தாள். பனி இல்லை, வெயில் அடித்தது. இதெல்லாம் என் முதல் நோட்டில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நோட்டு என்று இப்போது முப்பத்தாறாவது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாரிஸுக்கு வடக்கே, ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் எங்கள் சிறிய வீட்டில் பிப்ரவரி ஒன்பதுக்கு ‘வந்தநாள்’ என்று பெயர். அன்று மதியம் வடகம் தாளித்த மட்டன் குழம்பு. மூன்று மணிக்கு, அதாவது ஊரில் இரவு ஏழரைக்கு, முதலியார்பேட்டையில் இருக்கும் சரோஜாவின் தங்கை விஜயாவோடு பேச்சு. முன்பு தெருமுனை டெலிபோன் கூண்டில் நின்று பேசினோம், பிறகு வீட்டுப் போனில். இப்போது முகம் பார்த்தே பேசுகிறோம்.

முகம் பார்த்துப் பேச ஆரம்பித்ததில்தான் சிக்கல். கடந்த மூன்று வருடங்களாக அந்தச் சின்னத் திரையில் சரோஜாவின் இடது கை மட்டுமே தெரியும். வலது கையைத் தொடைக்கு அடியில் அமுக்கி வைத்துக்கொள்வாள். அந்தக் கை நடுங்கும். சரோஜாவுக்குப் பார்க்கின்சன் நோய். இது விஜயாவுக்குத் தெரியாது. ஏன் ஊருக்கு வரவில்லை என்று அவள் கேட்டால் முட்டி வலி என்று பதில். தங்கை மகளின் வளைகாப்புக்கும் முட்டி வலி, பேரனுக்குப் பெயர் வைத்தபோதும் முட்டி வலி. விஜயாவும் விடாமல், ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் எல்லாம் முட்டிக்குத் தைலம் கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தாள்.

நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு.

2

நோயை முதலில் காட்டிக்கொடுத்தது கையெழுத்து. நாலு வருடத்துக்கு முன் வங்கியில் ஒரு படிவத்தில் சரோஜா கையெழுத்துப் போட்டாள். அவள் எப்போதும் தமிழில்தான் போடுவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் படிவத்தையும் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மதாம், இது நீங்கள் போட்டதுதானா?” என்றாள். மறுபடி போட்டாள். ‘ச’ சரியாக இருந்தது. ‘ரோ’ ஒடுங்கியது. ‘ஜா’ எறும்பு அளவுக்கு வந்தது. மூன்றாம் முறை இன்னும் சிறிதானது.

அன்று முதல் அவள் எங்கே கையெழுத்துப் போட்டாலும், தபால்காரர் நீட்டும் தாளாக இருந்தாலும் சரி, பார்த்து வைத்துக்கொண்டேன். முடிந்த இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தேன். மார்ச் 4: 41 மில்லிமீட்டர். மே 19: 36. ஆகஸ்ட் 2: 33. எதையாவது குறித்து வைத்தால் அது என் கைக்குள் அடங்கும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு. நவம்பரில் நோட்டு அவள் கண்ணில் பட்டது.

“இன்னாங்க இது?”

“சும்மா, ஒரு குறிப்பு.”

“புடவைக்கு ஃபால்ஸ் அளக்குற மாதிரி என்னை அளந்து வச்சிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?”

மூன்றாம் நாள் காலையில் அவளே, “டாக்டர்கிட்ட போவலாம். அந்த நோட்ட எடுத்துக்கங்க” என்றாள். நரம்பியல் மருத்துவர் அவள் கையைப் பார்த்தார், நடக்கச் சொன்னார், என் எண்களை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். நோயின் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ஏன் தங்கையிடம் மறைக்க வேண்டும்? அதற்கு முதலியார்பேட்டைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அக்காவும் தங்கையும் காலை ஏழு மணி வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது மெஷினில் நான். மாஸ்டர் மர ஸ்கேலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பார், அந்தத் தாளத்துக்கு எல்லாரும் a s d f g f அடிக்க வேண்டும். நான் லோயர் பரீட்சையில் இரண்டு முறை தவறினேன். விஜயா ஹையரில் இரண்டாம் வகுப்பு. சரோஜா முதல் வகுப்பு. அவள் அடிக்கும்போது தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள், நானும் அப்படிப் பார்த்ததால்தான் லோயர் போனது. இங்கே வந்தும் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் டைப் அடித்தாள். இந்த ஊர் மெஷினில் a இருக்க வேண்டிய இடத்தில் q இருக்கும். முதல் மாதம் முழுக்க எழுத்தெல்லாம் இடம் மாறி வந்தது. இரண்டாம் மாதம் அந்த அலுவலகத்திலேயே வேகமான கை அவளுடையது.

“ஊர்ல எல்லாரும் என் கையப் பத்தித்தான் பேசுவாங்க. வெசயா இன்னிக்கும் ‘அக்கா கை மெஷினு’ன்னு சொல்றா. அவகிட்ட போயி இத நீட்டச் சொல்றீங்களா?” என்றாள்.

3

போன செப்டம்பரில் மருத்துவர் ஒரு விஷயம் கேட்டார். அவர்கள் மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடக்கிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளையின் தாளம் எப்படி மாறுகிறது என்று அளக்கிறார்கள். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. தலையில் ஒரு தொப்பி, விரலால் தட்ட வேண்டும், அவ்வளவுதான். இதனால் சரோஜாவுக்கு நேரடியாக எந்தப் பலனும் இல்லை என்பதை இரண்டு முறை சொன்னார்.

“சொல்லிட்டுத்தான் அளப்பாங்களா?” என்று சரோஜா என்னிடம் தமிழில் கேட்டாள்.

“பதினாறு பக்கத்துக்குச் சொல்றாங்க. படிவம் இங்க இருக்கு.”

“அப்ப சரி. அவங்களாவது சொல்லிட்டு அளக்குறாங்களே.”

ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதுள்ள, நோயில்லாத ஒருவரும் வேண்டுமாம். மருத்துவர் என்னைப் பார்த்தார். சரோஜாவும் பார்த்தாள். “இவரு எதுக்கும் ஒதவ மாட்டாருன்னு நெனச்சேன், இதுக்கு ஆவாரு” என்றாள். அதை நான் மருத்துவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

பதினாறு பக்கத்திலும் கையெழுத்து வேண்டும். முதல் பக்கத்தில் ஓரளவு படிக்கும்படி இருந்தது. எட்டாம் பக்கத்தில் பொடி எழுத்து. கடைசிப் பக்கத்தைப் பார்த்த செயலாளர் அம்மாள், “இதில் போடவில்லையே” என்றாள். சரோஜா விரலால் தொட்டுக் காட்டினாள். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். இது செல்லாது, புதுப் படிவம் வேண்டும், அதற்கு வேறொரு மாடிக்குப் போக வேண்டும் என்று ஆரம்பித்தாள். நல்லவேளை, மருத்துவர் அந்தப் பக்கம் வந்தார். பதினாறு பக்கத்தையும் விசிறி போல விரித்துப் பார்த்துவிட்டு, “இது அப்படியே இருக்கட்டும். நாங்கள் அளக்கப் போவதே இதைத்தான்” என்றார்.

லியோனில் வேலை பார்க்கும் எங்கள் மகள் மாலதிக்குப் படிவத்தை அனுப்பினேன். அவள் முன்பு ஞாயிறுதோறும் பேசுவாள். இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் சமைத்துக்கொண்டே. அன்று உடனே கூப்பிட்டாள். “அம்மா, உன் மூளை சத்தம் போடுதா?” என்றாள். அவளுடைய தமிழில் அலை, ஓசை, தாளம் எல்லாவற்றுக்கும் ‘சத்தம்’ ஒன்றுதான். “போடுதாம்டி, அத கேக்கத்தான் போறேன்” என்றாள் சரோஜா. அந்த வாரம் முழுக்க மாலதி தினமும் கூப்பிட்டாள். ஏழு நாளையும் குறித்திருக்கிறேன்.

ஆய்வுக்கான கடிதம் ஜனவரியில் வந்தது. பிப்ரவரி 9, காலை 8.45. வந்தநாளை மாற்றக் கூடாதுதான், ஆனால் இங்கே மருத்துவமனைத் தேதியை மாற்றினால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் பருவம் மாறிவிடும். மட்டன் குழம்பை முந்தின நாளே வைத்தோம். கடிதத்தின் கீழே, இரண்டு நாள் தலையில் எண்ணெய் படக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. “எண்ணெ வெக்காம நான் வாசப்படி தாண்டுனதே இல்ல” என்று சரோஜா புலம்பினாள். மூளைக்குள் எட்டிப் பார்க்கப் போகிறார்களே என்ற கவலையை விட வறண்ட தலையோடு போக வேண்டுமே என்ற கவலைதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

4

முந்தின மாலையோடு மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். மருந்தின் உதவி இல்லாமல் மூளை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அதனால் அன்று காலை கடினமாக இருந்தது. கோட்டுப் பொத்தான் ஐந்தையும் போட வழக்கமாக நாலு நிமிடம் ஆகும். அன்று பதினொன்று. நான் கையை நீட்டியபோது, “வேணாம், நானே போட்டுக்கறேன்” என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்ததையும் பார்த்துவிட்டாள்.

அளக்கும் பெண்ணின் பெயர் எலோடி. ஆராய்ச்சி மாணவி, எங்கள் மாலதியை விடச் சின்னவள். டேப்பை எடுத்து சரோஜாவின் மூக்கின் மேட்டிலிருந்து பின்மண்டை வரை அளந்தாள், ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு அளந்தாள், நடு உச்சியில் பேனாவால் புள்ளி வைத்தாள். “தையக்காரர் தோத்தாரு” என்றாள் சரோஜா. பிறகு துணித் தொப்பி. அதில் சட்டைப் பொத்தான் அளவில் ஏராளமான வட்டங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஒயர். முனை மழுங்கிய ஊசிக்குழாயால் ஒவ்வொரு வட்டத்துக்கு அடியிலும் குளிர்ந்த பசையை வைத்தாள். அதற்கே நாற்பது நிமிடம் ஆனது.

திரையில் கோடுகள் ஓட ஆரம்பித்தன. சரோஜா கண் சிமிட்டினால் மேல் கோடுகள் துள்ளின, பல்லைக் கடித்தால் எல்லாம் கறுத்தன. எலோடி விளக்கியதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். கையை அசைக்காமல் வைத்திருக்கும்போது, அந்தக் கையை ஆளும் மூளைப் பகுதியில் வினாடிக்குச் சுமார் இருபது முறை ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்கும். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருப்பது போல. கையை அசைக்கத் தொடங்கினால் அந்தத் தாளம் அடங்கும், ஸ்டாண்டை எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். நிறுத்தினால் மறுபடி எழும். இந்த நோயில் அது சரியாக அடங்குவதில்லையோ, அசைவு தொடரத் தொடர ஸ்டாண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கித் தரையில் உரசுகிறதோ, அதனால்தான் அசைவு சிறுத்துப் போகிறதோ? அதைத்தான் அளக்கிறார்கள். விடை இன்னும் தெரியாது என்று எலோடி வெளிப்படையாகச் சொன்னாள்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து, சேர்த்து, விரித்து, சேர்த்து, நிறுத்தச் சொல்லும் வரை தட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். சரோஜா ஆரம்பித்தாள். முதல் ஏழெட்டுத் தட்டு, பறவை அலகைத் திறந்து மூடுவது போல இருந்தது. அப்புறம் அலகு பாதி திறந்தது. பிறகு கால்வாசி. அரை நிமிடம் ஆவதற்குள் இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டு நடுங்கின.

“நிறுத்துங்கள். ஓய்வு.”

மறுபடி. மறுபடி. நாலாவது சுற்றில் சரோஜா கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு தட்டினாள். முடிந்ததும் பிரெஞ்சில், “மன்னிக்கணும். என் கை இப்படி இருந்த கை இல்லை” என்றாள்.

எலோடி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “மதாம், இது பரீட்சை இல்லை. அசைவு எந்த இடத்தில் சின்னதாகிறதோ அந்த இடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும். நீங்கள் நடிக்காமல் காட்டுகிறீர்கள். பார்த்தீர்களா, விரல் நின்ற பிறகும் இந்தக் கோடு எவ்வளவு பாடுபடுகிறது என்று?”

சரோஜா திரையைப் பார்த்தாள். விரல் ஓய்ந்து போனதை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே இருந்து அதைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஒன்றை அன்றுதான் பார்த்தாள். “ஓயலங்க அது” என்றாள் என்னிடம்.

அடுத்த சுற்றுக்கு எலோடி ஒரு சிறு பெட்டியை முடுக்கினாள். டக், டக், டக் என்று சீரான சத்தம், அதற்கேற்பத் தட்ட வேண்டும். சரோஜாவின் விரல்கள் விரிந்தன. முன்பு போல முழுதாக இல்லை, ஆனால் கடைசி வரை அலகு மூடவில்லை.

“மாஸ்டரு ஸ்கேலு!” என்று சிரித்துவிட்டாள். திரை முழுக்கக் கறுத்தது. எலோடி கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சிரிக்க வேண்டாம் என்று கெஞ்சினாள்.

5

அடுத்தது நான். சரோஜா மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தலையில் பசை காய, ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தாள்.

எனக்கு நோய் இல்லை, முப்பத்தொரு வருடம் அஞ்சல் பிரிப்பு நிலையத்தில் வேலை செய்த கை. சிறப்பாகச் செய்து காட்டுவது என்று முடிவெடுத்திருந்தேன். தட்டினேன். எத்தனை தட்டு என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன். மூன்று சுற்று முடிந்தது. எலோடி, என் கையைக் காமிராவில் எடுத்திருந்த பதிவைப் பின்னால் ஓட்டினாள், திரும்ப ஓட்டினாள்.

“மன்னிக்கவும். உங்கள் கட்டைவிரல் எங்கே போகிறது?”

பார்த்தேன். முதல் பத்துத் தட்டு ஆள்காட்டி விரலின் நுனியில். அதற்குப் பிறகு என் கட்டைவிரல் சாவகாசமாக ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு இறங்கியிருந்தது. பிறகு இரண்டாம் கணு, மூன்றாம் கணு. அங்கிருந்து நடுவிரலுக்குத் தாவி, மோதிர விரலைக் கடந்து, சுண்டுவிரல் அடிக்கணுவில் சுற்றை முடித்தது. நாம் எல்லாரும் கட்டைவிரலால் கணுக்களைத் தொட்டுத்தானே எண்ணுகிறோம்! ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கணு நகர்ந்து நான் கணக்கு வைத்திருக்கிறேன். எனக்கே தெரியாது.

விளக்கினேன். விரலுக்கு மூன்று கணு, நாலு விரலுக்குப் பன்னிரண்டு. எலோடி தன் கையிலேயே எண்ணிப் பார்த்து, “எங்களுக்கு ஐந்தில் முடிந்துவிடுகிறதே” என்று வியந்தாள். பிறகு கண்டிப்பாக, “எண்ணாமல் செய்யுங்கள், மொஸ்யூ. எண்ணினால் மூளை வேறு வேலையும் பார்க்கிறது என்று ஆகிவிடும்” என்றாள்.

எண்ணாமல் செய்ய முயன்றேன். எண்ணக் கூடாது என்று எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டேன் என்பதை எண்ணியிருக்கிறேன் போல. கட்டைவிரல் மறுபடி நடுவிரலில் இருந்தது.

பின்னாலிருந்து ஒரு சத்தம். சரோஜா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். “அடுத்த மெஷினுக்குப் போயிட்டாரு பாரு! அப்பவே மாஸ்டரு சொன்னாரு, இந்தப் பையனுக்கு ஒரு எடத்துல வெரலு நிக்காதுன்னு!” கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். எலோடிக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் சிரித்தாள். என் பதிவைத் தனியாக எடுத்து வைத்தார்கள். நோயில்லாதவனாக இருப்பதிலும் நான் தேறவில்லை. சரோஜாவின் பதிவு மிகச் சுத்தமாக வந்திருப்பதாக எலோடி எழுதிக் கையெழுத்திட்டாள்.

6

வீட்டுக்கு வந்து, மூன்று முறை தலை தேய்த்துப் பசையை எடுத்து, சாப்பிட்டு முடிக்கவும் மூன்று மணி ஆகவும் சரியாக இருந்தது. திரையில் விஜயா. பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. காலையில் போட்ட மாத்திரையின் வேகம் அதற்குள் குறைந்திருந்தது, சரோஜா வழக்கம் போல வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“முட்டி எப்படிக்கா இருக்கு?”

“அது இருக்கட்டும். இன்னிக்கி உங்க மாமா பண்ணுனத கேளு...” சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் யோசித்தேன். கட்டைவிரல் கதையைச் சொல்ல வேண்டும் என்றால் தொப்பியைச் சொல்ல வேண்டும். தொப்பியைச் சொன்னால் எதற்கு என்று கேட்பாள்.

“இன்னா பண்ணாரு? சொல்லேன். மாமா, நீங்களே சொல்லுங்க.”

நான் மேசையைத் துடைத்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவு அமலில் இருந்தது. சரோஜா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். அந்தக் கதையை அவளால் அடக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வந்த டாக்சியிலேயே இரண்டு முறை சொல்லிச் சிரித்திருந்தாள், ஓட்டுநரிடம் ஒருமுறை.

“ஆஸ்பத்திரில வெரல இப்படித் தட்டச் சொன்னாங்கடி” என்று வலது கையை எடுத்துத் திரைக்கு முன்னால் நீட்டினாள்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிந்து சேர்ந்தன. ஆறு, ஏழு. சிறுத்தன. ஒட்டிக்கொண்டு நடுங்கின. அவள் கையை எடுக்கவில்லை.

முதலியார்பேட்டையில் டி.வி. சத்தம் நின்றது.

“கைய இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டா” என்றாள் விஜயா.

கொண்டுபோனாள்.

“எத்தினி நாளா?”

“மூணு வருஷத்துக்கு மேல.”

“முட்டிக்கு?”

“முட்டிக்கு ஒண்ணும் இல்ல.”

“அடிப்பாவி! ஒம்போது பாட்டிலு தைலம் அனுப்பிச்சேன். அந்தக் கடைக்காரன் எங்க வீட்ல ஏதோ யானை இருக்குதுன்னு நெனச்சிருப்பான்!” கத்தினாள். பிறகு முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். “ஜலதோஷம்” என்றாள். “நான் இன்னா, வெளியாளா? எங்கிட்டயா கைய மறைப்ப? நீ அடிச்ச தாள எடுத்துட்டுப் போயி என்னோடதுன்னு மாஸ்டர்கிட்ட காமிச்சவ நானு. தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்டி. நீ அடிச்சா கமா எடத்துல நிக்காது, அந்தத் தாள்ல நின்னுச்சு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் கட்டைவிரல் கதை. சரோஜா நடித்தே காட்டினாள், நடுங்கும் கையாலேயே. விஜயா இரண்டு முறை திரும்பச் சொல்ல வைத்தாள். கடைசியில், “எப்ப வர?” என்றாள்.

சரோஜா என்னைப் பார்த்தாள். “தேதி சொல்லுங்க.”

“ஏப்ரல் ஆறு கிளம்புனா ஏழு காலைல ஊர்ல இருக்கலாம்” என்றேன். இதை மட்டும் பல மாதமாகத் தயாராக வைத்திருந்தேன்.

விஜயாவிடம் ஒரு விஷயம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. மூன்று நாற்பதுக்கு அவள் வைத்தாள். மூன்று ஐம்பத்தைந்துக்கு முதல் போன், அவள் எதிர்வீட்டு டீச்சர், முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லி. நாலு பத்துக்கு ஒரு சித்தி, நேர்ந்துகொள்ளச் சொல்லி. நாலரைக்கு விஜயாவின் கணவர், பெத்தாங்கு என்ற குண்டு விளையாட்டு ஆடும் மைதானத்திலிருந்து. இரும்புக் குண்டுகள் மோதும் சத்தத்துக்கு நடுவே நாலு ஆண்கள் ஒரே நேரத்தில் நலம் விசாரித்தார்கள். ஐந்து மணிக்குள் ஏழு பேர். சரோஜா ஒவ்வொருவருக்கும் மூளையின் தாளத்தையும் சைக்கிள் ஸ்டாண்டையும் விளக்கினாள். நான் சொன்னதை விட நன்றாகவே சொன்னாள். போனை வலது கையில்தான் பிடித்திருந்தாள். அது காதோரம் ஆடிக்கொண்டிருந்தது.

ஏழாவதாகப் பேசியது காலாப்பட்டுப் பெரியம்மா. வயது எண்பத்து மூன்று, காது மந்தம், அதனால் சரோஜா தெருவுக்கே கேட்கும்படி பேசினாள்.

“ஆமா பெரியம்மா, ஆடத்தான் செய்யுது. ஏப்ரல் ஏழு வரேன், வந்து பாருங்க. ஆனா ஆடுறப்பவே பாக்கணும்னா காலைல எட்டு மணிக்குள்ள வந்துடணும். அப்புறம் நான் மாத்திர போட்டுடுவேன்.”